மகேஸ்வரியின் கொப்பியில் இருந்த "இரண்டு தரம்"

இரண்டு சனிக்கிழமைகளுக்கு முன், ஒரு மாணவியை எல்லோருக்கும் முன்னால் பொய் எழுதியவர் என்று சொல்லாமல் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை இங்கே கொட்டினால்தான் மனம் ஆறும்... கேளுங்கள்.

வன்னியில், இரணைமடுக் குளத்துப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபம். நோயாளர் பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி எடுக்கும் பெண்களுக்கு, சனிக்கிழமைகளில் அங்கே உடற்றொழிலியல் படிப்பிக்கிறேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதயம் ஏன் அடிக்கிறது, சாப்பாடு எங்கே போகிறது, ஏன் வியர்க்கிறது – அவ்வளவுதான்.

பதினான்கு பேர் வருகிறார்கள். மூத்தவர் மகேஸ்வரி, நாற்பது வயது. இவ்வளவு காலமும் கூலிக்கு வயல் வேலை செய்தவர். இடுப்பு இனி வளையாது என்று தெரிந்ததும், சான்றிதழ் ஒன்று கிடைத்தால் நிழலில் வேலை பார்க்கலாம் என்று வந்து சேர்ந்தவர். வகுப்பில் வாயே திறக்க மாட்டார். எழுதுவது மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

பாடம் சிறுநீரகம். உடம்பு தன் தண்ணீரை ஒரு அளவாக வைத்திருக்கும். நாம் கூடக் குடித்தால் சிறுநீரகம் கூட வெளியே விடும், குறைந்தால் இழுத்துப் பிடிக்கும் – குளத்து மட்டம் பார்த்து மதகுத் துருசைத் திறந்து மூடுவது போல. இப்படி விளக்கிவிட்டு ஒரு வீட்டு வேலையும் கொடுத்தேன். அன்றைய நாள் முழுக்க எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை தரம் சிறுநீர் கழித்தீர்கள் – எழுதி வரவேண்டும்.

அடுத்த வாரம் கொப்பிகள் வந்தன. பதின்மூன்று பேருக்கு ஆறு தரம், ஏழு தரம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகேஸ்வரியின் கொப்பியில் மட்டும், "விடிய ஐந்து மணிக்கு ஒரு தரம். பின்னேரம் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தரம். குடித்தது: ஒரு தேத்தண்ணி."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"மகேஸ்வரி, நேரமில்லையெண்டால் நேரமில்லையெண்டு சொல்லுங்கோ. மனம்போன போக்கில எழுதாதேங்கோ. இந்த வெயிலுக்க ஒரு தேத்தண்ணியோட இருந்தனீங்கள் எண்டால் ஆர் நம்புவினம்?"

அவர் தலையைக் குனிந்தார். பக்கத்தில் இருந்த தர்சினிதான் எழும்பினாள். வகுப்பில் ஆக இளையவள் அவள்.

"சேர், அக்கா பொய் எழுதேல்லை. நாங்கள்தான் பொய் எழுதினனாங்கள். புத்தகத்தில கிடந்ததைப் பாத்து எழுதினம். எங்கள் எல்லாருக்கும் ரெண்டு தரம்தான் சேர்."

"ஏன்?"

தர்சினி என்னைப் பார்க்காமல், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கழிப்பறை மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது. வெளியாட்கள் வந்து ஊத்தையாக்குகிறார்கள் என்று பூட்டு. திறப்பு – அதுதான் சாவி – முன்பக்க அலுவலகத்தில். தொலையாமல் இருக்க அதை ஒரு முழ நீளப் பலகையில் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு விறாந்தையால் நடக்க வேண்டும். சனிக்கிழமைகளில் விறாந்தையில் கமக்காரர் கூட்டம்... இருபது, முப்பது ஆண்கள் கதிரை போட்டு இருந்து, சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் எப்போது திறப்பது என்று வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

"வெக்கம் சேர். அதால வகுப்பு நாளில ஒருத்தரும் தண்ணி குடிக்கிறேல்லை."

ஐந்து வாரமாக அங்கே போய் வருகிறேன். எனக்கு இது ஏன் தெரியவில்லை? அவசரம் என்றால் வேலிக்குப் பின்னால் பாலை மரம் நிற்கிறது. ஆண்பிள்ளைக்கு எங்கேதான் இடமில்லை!

"பரவாயில்லை சேர்." மகேஸ்வரி முதன்முதலாக வாய் திறந்தார். "நான் வகுப்பை விடப் போறன். நாலு நாளாய் எரிவு, காய்ச்சல். வயல் வேலைக்கே போறன்... அங்க மறைவுக்குப் பத்தையெண்டாலும் கிடக்கு."

தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கி வைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்தானே? அடுத்த பாடத்தில் இதைத்தான் சொல்லவிருந்தேன். புத்தகத்துச் சிறுநீரகத்துக்கு உப்பு தெரியும், வெப்பம் தெரியும். விறாந்தையில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது.

"பிழை என்னில. மன்னிச்சுக் கொள்ளுங்கோ. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோ" என்றேன். அவர் தலையாட்டினார். வகுப்புக்கு வருவேன் என்று சொல்லவில்லை.

நான் நேரே அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர். "கேட்டால் குடுப்பம்தானே மாஸ்டர். ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார். கேட்காததைத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார், பாவம். நானும் அதைத்தானே செய்தேன்?

அந்தப் பிள்ளைகள் நடக்க வேண்டிய வழியை நானும் நடந்து பார்ப்போம் என்று, பலகையைத் தூக்கிக்கொண்டு விறாந்தையால் நடந்தேன். தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"என்ன மாஸ்டர், சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நரைத்த தலை... இருந்தும் காது சுட்டது. இருபது அடிதான் நடந்திருப்பேன். அதற்கே இப்படி!

நின்று, உள்ளதைச் சொன்னேன். "உங்கட பிள்ளையள் இந்தப் பலகைக்குப் பயந்து பச்சைத் தண்ணியும் குடிக்காமல் இருக்குதுகள்."

பகிடி விட்டவரே எழும்பி வந்தார். "என்ர பெறாமகளும், தம்பியின்ர பிள்ளை, உந்த வகுப்பிலதான்..." என்று முணுமுணுத்துக்கொண்டு, திறப்பைப் பலகையோடு கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். மண்டபத்துப் பின்கதவை மறித்துக் கிடந்த உடைந்த கதிரைகளை நாலு பேராக இழுத்துப் போட்டோம். திறப்பு இப்போது வகுப்புக்குள்ளேயே தொங்குகிறது. விறாந்தைப் பக்கம் யாரும் போகத் தேவையில்லை.

போன சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மகேஸ்வரியின் கதிரை வெறுமையாக இருந்தது. ஒன்பதரைக்கும் அப்படித்தான். பத்து மணிக்கு வந்தார். ஆஸ்பத்திரி மருந்துப் பை ஒரு கையில், பெரிய தண்ணீர்ப் போத்தல் மறு கையில்.

இதயத்தின் நாலு அறைகளைக் கரும்பலகையில் கீறி விளக்கிக்கொண்டிருந்தேன். மகேஸ்வரி எழும்பினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திறப்பை எடுத்துக்கொண்டு பின்கதவால் போனார். திரும்பி வந்ததும் இன்னொருவர். பிறகு தர்சினி...

பாடத்தின் நடுவில் பிள்ளைகள் எழும்பி எழும்பிப் போனதற்குச் சந்தோஷப்பட்ட வாத்தியார் வன்னியிலே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!