சாலையில் பாதி நெல்

மல்சூனுக்கு மரங்கள்மீது பொதுவாக விரோதம் கிடையாது. ஊர்ச் சாலையின் இருபுறமும் வரிசையாக நிற்கும், இலையுதிர் காலத்தில் மஞ்சளாகிக் கொட்டும் கிங்கோ மரங்கள் மட்டும் விலக்கு. அவள் கல்யாணமாகி வந்த வருஷம், ஊரை அழகாக்க வேண்டும் என்று ஆண்கள் கூடி முடிவெடுத்தார்கள். குழி தோண்டுவதைப் பெண்களிடம் விட்டார்கள். நிழல் விழுந்தால் நெல்லை எங்கே காயப்போடுவது என்று புது மருமகள் கேட்டாள். புது மருமகள் இப்படிக் கேட்கலாமா என்பதே பெரிய விவாதமாகி, கேள்வி அப்படியே நின்றுபோனது. மரங்கள் வளர்ந்தன.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பாதிச் சாலை அவளுடையதுதான். தார் சூட்டில் நெல்லைப் பரப்பி, வெயில் நகர நகர அதையும் நகர்த்துவாள். கூட்டுறவுச் சங்கத்தில் உலர்த்தும் இயந்திரம் வந்து, ஊரே அங்கே போய்விட்டது. இயந்திரத்தில் காய்ந்த அரிசி வயிற்றை நிரப்பும், வாய்க்கு ஒன்றும் செய்யாது என்பது அவள் கட்சி.

பிறகு யாரோ ஒருத்தி மஞ்சள் இலைகளுக்கு நடுவே நின்று படம் எடுத்து இணையத்தில் போட்டாள். மறு வருஷம் சியோலிலிருந்து பேருந்துகள் வந்தன. இந்த வருஷம் ஊர்த் தலைவர் ஜுங்தே ஒரு வார விழாவே அறிவித்துவிட்டார். விழாவுக்கு முன் ஒரு பெட்டி சத்துப் பானத்தோடு மல்சூன் வீட்டுக்கு வந்தார். பெட்டியைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி. படத்துல நெல்லு விழுதுங்கறாங்க."

"என் நெல்லுல அவங்க இலை விழுதே, நான் ஏதாவது சொன்னேனா?"

ஜுங்தே பெட்டியை வைத்துவிட்டுப் போனார். பாதி காய்ந்த நெல்லை அள்ளிக் குவித்தால் பூஞ்சை பிடிக்கும், வருஷத்து உழைப்பு போகும் என்பது விவசாயி மகனான அவருக்கும் தெரியும். அதனால்தான் நேரில் வற்புறுத்தாமல் ஒலிபெருக்கியை நாடினார்.

மறுநாள் காலை, ஊர் மன்றத்திலிருந்து, கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகள் வழியாக அவர் குரல் எல்லாச் சமையலறைக்குள்ளும் நுழைந்தது. சாலையில் தானியம் காயப்போட்டிருப்போர் மாலைக்குள் அகற்ற வேண்டுமாம். போட்டிருப்போர் என்று பன்மையில் சொன்னார். ஊரில் அப்படிப் போட்டிருப்பது ஒருத்திதான். அறிவிப்பு முடிந்தது. ஆனால் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். காபி உறிஞ்சும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. பிறகு மனைவியிடம் பேச ஆரம்பித்தார்.

"அண்ணி நெசமாவே அள்ளிட்டா வம்பு. கடைசி நாள் விருந்துக்கு அவங்க வீட்டுப் புது அரிசின்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. இன்னும் அவங்ககிட்ட கேக்கவே இல்ல."

"சங்கத்து அரிசியப் போடுங்களேன்."

"அத நானே திங்க மாட்டேன்."

சாலையில் நெல் கிளறிக்கொண்டிருந்த மல்சூன் நிமிர்ந்தாள். ரப்பர் பூட்சோடு, கையில் மரவாரியோடு, நேராக ஊர் மன்றத்துக்கு நடந்தாள். அவளைப் பார்த்ததும் ஜுங்தே எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அவள் மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

"மல்சூன் பேசறேன். சாலையில பாதி இலைக்கு, பாதி நெல்லுக்கு. நெல்லு காஞ்சா விருந்துக்கு அரிசி தருவேன். காயலேன்னா எல்லாரும் இலையத் தின்னுக்கங்க."

பிறகு மைக்கை அணைத்தாள். விசை எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வர்றவங்க நெல்ல மிதிச்சுட்டா என்ன பண்றது அண்ணி?" என்றார் ஜுங்தே.

"நீ எதுக்குத் தலைவரா இருக்க?"

அப்படித்தான் விழாவின் முதல் நாள், மார்பின் குறுக்கே விழாப் பட்டை அணிந்த ஊர்த் தலைவர் மரவாரியோடு நெல்லுக்குக் காவல் நின்றார். விழுந்த இலைகளைக் குனிந்து குனிந்து பொறுக்கவும் செய்தார். பேருந்துகள் வந்தன. இறங்கியவர்கள் நெல்லைப் பார்த்தார்கள். மரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று ஜுங்தேயைத்தான் கேட்டார்கள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மல்சூன் சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது வெயில். ஊரார் நட்ட மரங்கள் மிச்சம் வைத்ததை இப்போது சியோல்காரர்கள் மறைத்துக்கொண்டிருந்தார்கள். ஜுங்தேயிடமிருந்து மரவாரியை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள்.

"தள்ளுங்க, நெல்லுமேல நெழல் விழுது."

தள்ளினார்கள். மரங்களைப் போலில்லாமல், இவர்களாவது சொன்னால் நகர்ந்தார்கள்.