மடவளை வீட்டு வைஃபை

இன்டர்நெட் லைன் அறுந்து அறுந்து போகிறது என்று கூப்பிடுவார்கள்; நான் போய் நின்றதும் டொக்டரைக் கண்ட காய்ச்சல் மாதிரி எல்லாம் சரியாகிவிடும், திரும்பி பஸ் ஏறியதும் மறுபடி அறுந்துவிடும். இதுதான் என் தொழில். ரவுட்டரின் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு காலம் தள்ளும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பூட்டிய அலுமாரி

கண்டி டவுனில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரி. வீட்டில் வைஃபை ஓர் அறையில் கிடைத்தால் மற்ற அறையில் கிடைக்காது. கம்ப்யூட்டரை நோண்டிப் பார்த்து அலுத்த பிறகுதான் ரவுட்டர் எங்கே என்று கேட்டேன். சாவிக்கொத்தை எடுத்து இரும்பு அலுமாரியைத் திறந்தார். பின்பக்கம் ஓட்டை போட்டு வயர் விட்டிருந்தார். கண்ணால் பார்க்காத எதையும் திருத்துவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். அவரோ தன் நியாயத்தை விடவில்லை.

“களவு போயிடும் எண்டுதான் தம்பி பூட்டி வச்சனான்.”

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்

அந்த முடிவைக் கண்டிக்குப் பக்கத்து மடவளையில் கைவிட வேண்டியதாயிற்று. அங்கே கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனார். தங்கையின் கணவர் அண்மையில்தான் காலமாகியிருந்தார். அந்த அம்மா இத்தாவில் இருந்தார். அந்தத் துக்கக் காலம் முடியும்வரை வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். கம்ப்யூட்டரோ அவருடைய அறையில். கட்டாரில் வேலை செய்யும் ஒரே மகன், போகுமுன் லினக்ஸ் போட்டு வைத்துவிட்டுப் போன பழைய மெஷின். வாப்பாவின் ஜனாஸா நல்லடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. தினமும் பின்னேரம் வீடியோ கோல் எடுப்பான், பேச்சு பாதியில் அறுந்துவிடும். தாயும் மகனும் சேர்ந்து அழுவதற்குக்கூட அந்த லைன் விடவில்லை என்றார் ஹாஜியார்.

அந்த அறைக்குள் நான் போவதை ஹாஜியார் விரும்பவில்லை. எனக்கும் கேட்க மனம் வரவில்லை. திரைச்சீலைக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்தேன். லினக்ஸில் ஒரு வசதி, கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொன்னாலே போதும். நான் சொல்ல, அந்த அம்மா தட்டி, ஸ்கிரீனில் வந்ததை வாசித்துக் காட்ட, கோளாறு பிடிபட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மெஷின் வைஃபையை அடிக்கடி தூங்கப் போட்டுக்கொண்டிருந்தது. இனித் தூங்கப் போடாதே என்று இன்னொரு கட்டளை. ஹாஜியாரின் போனிலிருந்து அந்த மெஷினுக்கு வீடியோ கோல் எடுத்துப் பார்த்தோம், அறவில்லை. ஹாஜியார் சிரிக்காமல் சொன்னார்:

“சின்ன வயசுல எங்களுக்கு எழுத்து எழுத்தா குர்ஆன் ஓதிக் குடுத்த மாதிரியே இருந்திச்சு.”

மறுபடியும்

சில நாளில் ஹாஜியாரிடமிருந்து போன்: மறுபடி அறுகிறதாம். செய்த வேலை கெட்டுப்போனதே என்ற எரிச்சலோடுதான் போனேன். பழையபடி எழுத்து எழுத்தாக எல்லாவற்றையும் பரிசோதித்தோம். ஒரு குறையும் இல்லை. அஸர் பாங்கு கேட்டதும் ஹாஜியார் தொழப் பள்ளிக்குப் போனார், நான் வெளி விறாந்தைக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. அதுவரை எழுத்துகளை மட்டுமே வாசித்த குரல்.

“லைன் நல்லாத்தான் இருக்கு தம்பி. நான்தான் நிப்பாட்டுறேன். வாப்பா கடைசியில என்னையத் தேடினாரா எண்டு மகன் கேக்குறான். அவருக்கு நெனவே இருக்கல்ல. யாரையும் தேடல்ல. அத எப்படிச் சொல்ற? பொய் சொல்லவும் ஏலா.”

ஹாஜியார் திரும்பி வந்து என்ன கோளாறு என்று கேட்டார். மழைக்கு இந்தப் பக்கத்து லைனே சரியில்லை, கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும் என்றேன். அந்த அம்மாவுக்கு அவகாசம் வாங்கிக்கொடுக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். ஹாஜியார் பெருமூச்சு விட்டார்.

“மெஷின்ல பிழ இல்லத்தானே, அது போதும்.”

அறாத கோல்

பிறகொரு நாள் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஹாஜியாரைக் கண்டேன். அவராகவே சொன்னார். தங்கை ஒரு பின்னேரம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மகனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாராம். மகனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஸ்கிரீனில் முகமும் அசையவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹாஜியார் எனக்குப் போன் எடுக்கப் பார்த்திருக்கிறார். தங்கை மட்டும் எதையும் தொடாமல் காத்திருந்து, லைன் இருக்கிறதா மகன் என்று மெல்லக் கேட்டிருக்கிறார். அதற்கு அவன் சொன்னதை ஹாஜியார் அப்படியே என்னிடம் சொன்னார்.

“இருக்கேன் உம்மா. இண்டைக்கு நிப்பாட்ட வாணாம்.”

அந்த லைனைத் திருத்தியவன் என்று மடவளையில் இன்றும் எனக்கு நல்ல பேர். அது உண்மையில் சரியான அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போகவில்லை.