ஒரே பையில் இரண்டு போத்தல்

யாராவது என்னிடம் "இப்படிச் செய்" என்றால் அப்படிச் செய்ய எனக்குப் பிடிக்காது. அதிகாரி ஒருவர் கடைக்குள் வந்து நின்று சொன்னால் சுத்தமாகப் பிடிக்காது. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். காஜா பேராங்கில் நான் மளிகைக் கடை வைத்திருந்தேன். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், வினிகர், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட், எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். ஜனங்கள் வீட்டிலிருந்து காலிப் போத்தலோடு வருவார்கள். நான் புனல் வைத்து ஊற்றிக் கொடுப்பேன். அது எதற்கு இருந்த போத்தல் என்று யார் பார்த்தார்கள்?

புதிய அரசாங்கம் பார்த்தது. சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் வந்து, தமிழிலும் மலாயிலும் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். இனிமேல் ஆசிட், களைக்கொல்லி போன்றவற்றைச் சாப்பாட்டுச் சாமான் வந்த போத்தலில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. உடம்பு முழுக்க வரிவரியாக மேடு தட்டிய போத்தலில்தான் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கையால் தொட்டதும் விஷம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். "நல்லது துவான்" என்று மரியாதையாக வாங்கி, கடலை மடிக்க வைத்திருந்த காகிதக் கட்டில் செருகினேன். இதையே ஒலிபெருக்கி வேன் ஒன்று கம்பம் கம்பமாக, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது. அது எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

பேருக்கு ஒரு பெட்டி வரிப் போத்தல் வாங்கத்தான் செய்தேன். அது தீர்ந்தது. மறுபடி வாங்கச் சோம்பல்.

ஒரு சனிக்கிழமை காலை புக்கிட் ரம்பாய்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். அங்கே சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாகப் பால் வெட்டிப் பிழைப்பவர்கள். மறுநாள் அவர்களுடைய மூன்று வயது மகளுக்குக் காதுகுத்து. விருந்துக்கு வினிகரில் காய் ஊறவைத்து அச்சார் போடுவார்கள்.

"அச்சாருக்கு வினிகர் ஒரு போத்தல் வேணும்ணே. ஆசிட்டும் முடிஞ்சு போச்சு."

"வரிப் போத்தல் இல்லியே."

"அதுக்காக மறுபடி இவ்ளோ தூரம் மிதிக்கச் சொல்றீங்களா?"

கடைக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்ப என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. காலி வினிகர் போத்தல் ஒன்றைக் கழுவி அதில் ஆசிட்டை ஊற்றி, தக்கை அடைத்தேன். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு போத்தலில் நிஜமான வினிகர். இரண்டும் ஒரே பைக்குள். இடது பக்கம் வினிகர், வலது பக்கம் ஆசிட் என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லியும் அனுப்பினேன். சைக்கிளில் தொங்கும் பைக்கு எது இடது, எது வலது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்த என் மனைவி, ஆசிட் ஜாடி திறந்திருப்பதைப் பார்த்தாள்.

"யாருக்கு ஊத்துனீங்க?"

"புக்கிட் ரம்பாய்க்காரருக்கு."

"வரிப் போத்தல்தான் இல்லியே. எதுல ஊத்துனீங்க?"

"வினிகர் போத்தல்ல."

"அச்சாருக்கு வினிகரும் வாங்கிட்டுப் போயிருப்பாரே. அது எதுல?"

சோற்றில் வைத்த கையை எடுத்தேன். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "சைக்கிள எடுங்க" என்றாள்.

வினிகரும் ஆசிட்டும் பார்வைக்கு ஒன்றுதான். மூக்கில் ஏறும் புளித்த நெடியும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் தண்ணீர் கலக்காத அந்த ஆசிட் ஒரு வாய் உள்ளே போனால் தொண்டை வெந்துவிடும். அச்சார் போடும் வீட்டில் முதலில் கை நீட்டுவது குழந்தைதான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே மிதித்தேன். முதலில் அந்த அதிகாரியைத் திட்டினேன். பிறகு ஒரே நாளில் இரண்டையும் கேட்ட மனுஷனைத் திட்டினேன். பாதி வழியில் திட்ட வேறு ஆள் இல்லாமல் போய்விட்டது. அதன் பிறகு என்னைத்தான் திட்டினேன், வாய் கூசும் அளவுக்கு.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய பேசின் நிறைய அச்சார், வெள்ளரியும் அன்னாசியுமாக. குழந்தை அதில் கொஞ்சத்தை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டிருந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி, அதன் கையைத் தட்டிவிட்டேன். குழந்தை மிரண்டு என்னையே பார்த்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"என்னண்ணே, என்ன ஆச்சு ஒங்களுக்கு?" என்று அதன் அம்மா எழுந்து வந்தாள்.

"தங்கச்சி, அச்சார்ல எந்தப் போத்தல ஊத்துன?"

"எதயும் ஊத்தல."

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருந்திச்சு. எது எதுன்னு கேட்டா, இந்த மனுஷன் ஒரு தடவ வலதுங்கறாரு, ஒரு தடவ இடதுங்கறாரு. மோந்து பாருன்னாரு. நான் தக்கயக்கூடப் புடுங்கல. சாப்பாட்டுப் போத்தல்ல ஆசிட் வாங்காதீங்கன்னு வேன்ல வந்து அவ்ளோ சொன்னாங்களே. ரெண்டயும் ரப்பர் கொட்டாயில வச்சுட்டேன், பாலுக்கே ஊத்திக்கலாம். அச்சாருக்கு எலுமிச்ச புழிஞ்சுட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "அந்த வேன் ஒங்க கடப்பக்கம் வரலியாண்ணே?" என்று கேட்டாள்.

"வந்துச்சு" என்றேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். போன உயிர் திரும்பி வந்தது. அவள் கணவர் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நானும்தான். அவள் ஒரு தட்டில் அச்சார் வைத்துக் கொடுத்தாள். முழுசாகச் சாப்பிட்டேன். குழந்தையிடம் தொண்டை எரிகிறதா என்று மூன்று தடவை கேட்டேன். அது அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வாயே திறக்கவில்லை. அவ்வளவு பயப்படுத்தியிருக்கிறேன்.

கடைக்குத் திரும்பியதும் ஆசிட் ஜாடியைப் பின்கட்டுக்கு நகர்த்திப் பூட்டினேன். வரிப் போத்தல் வராமல் இனி ஒரு சொட்டு விற்பதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். "எங்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றாள்.

மறுநாள் காதுகுத்துக்கு இருவரும் போனோம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அது உதட்டை இறுக்கிக்கொண்டது. ஆசாரி காது மடலைப் பிடித்தார். ஊசி ஏறியதுதான் தாமதம், குழந்தை தொண்டை கிழியக் கத்தியது. பந்தலே அதிர்ந்தது. பெண்கள் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படி ஒரு நல்ல சத்தத்தை அதுவரை நான் கேட்டதே இல்லை.