ஊசி வைத்தியருக்கு மேல்மாடி

கணவன்மார்களில் பாதிப் பேர் அரபு நாட்டுப் பாலைவனத்தில் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தேகு நகரத்தில் ஜோடி சேர்ந்து ஆடும் நடன வகுப்புக்குப் போகிற பெண்ணுக்கு அப்போது முதலில் தேவைப்பட்டது நல்ல செருப்பு இல்லை, ஒரு சந்தைக் கூடை. கூடைக்குள் ஒரு பிடி முளைப்பயறு, ஒரு கட்டி டோஃபு, எல்லாவற்றுக்கும் மேலே ஊர் பார்க்கும்படி ஒரு கட்டு வெங்காயத்தாள். தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவள் குடும்பப் பெண். வெறுங்கையோடு நடந்தால் அவளுக்கு ஆட்டக்காற்று பட்டுவிட்டது என்பார்கள், ஏதோ பேய் பிடித்தது போல. அப்படிப் பேசுகிறவர்களுக்கு வேறு வேலையே இருந்ததில்லை.

மால்சுன்னும் கூடை எடுத்துக்கொண்டுதான் போனாள். அவள் கணவன் தொக்சு அந்தப் பாலைவனத்துக்குப் போய் மூன்று வருடமாகியிருந்தது. இலையுதிர் காலத்து அறுவடைப் பண்டிகைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். வீட்டில் அவளும் மகள் மிரானும் மாமியாரும்தான். மாமியாரை அவள் பிறந்த ஊரை வைத்து யோங்சொன்காரி என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். மகள் பள்ளிக்குப் போனதும் மால்சுன் தரையில் உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் தைப்பாள். கப்பலேறப் போகிற கரடிப் பொம்மைகள், சாக்கு சாக்காக வந்து இறங்கும். வரும்போது ஒன்றுக்கும் கண் இருக்காது. சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் அவளையே பார்த்துக்கொண்டு கிடக்கும். அவளுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. தோள்பட்டை கல்லாக இறுகிப் போயிருந்தது.

அவளை முதலில் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனவள் கறிக்கடைக்காரி. சந்தையை ஒட்டிய கட்டடத்தில் முதல் மாடியில், உடம்பில் மெல்லிய ஊசிகளைக் குத்தி வலி போக்கும் ஊசி வைத்தியர், அவருக்கு மேலே பே என்ற நடன வாத்தியாரின் வகுப்பு. செவ்வாயும் வெள்ளியும் நடக்கும் அந்த வகுப்புக்குப் பலகையும் கிடையாது, அனுமதியும் கிடையாது. பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் முழங்காலை நீவிக்கொண்டும் படியேறுவார்கள். வைத்தியர் வாசல் வரைக்கும் நொண்டல், அதைத் தாண்டினால் கால் சரியாகிவிடும். வைத்தியருக்கு இதனால் நல்ல பெயர்தான். இவ்வளவு கூட்டம் ஏறுகிறதே, கைராசிக்காரராக இருப்பார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டு யாரும் ஆடும் தரையில் கால் வைக்கக் கூடாது என்பது வாத்தியாரின் சட்டம். கூடையைச் சுவரோரம் வைக்க வேண்டும், செருப்பை மாற்ற வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்து நெஞ்சு அடங்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். அவர் சொல்லிவிட்டார். தெருவைத் திருடி மாதிரி கடந்து வருகிறவளுக்கு நெஞ்சு எப்படி அடங்கும்? மால்சுன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். வீட்டிலேயே தலையை நிதானமாக வாரிக்கொள்வாள். முளைப்பயறுக்காரியிடம் வழக்கம்போலப் பேரம் பேசுவாள், கிழங்கை அழுத்திப் பார்ப்பாள், நான் சந்தைக்கு வந்தவள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பாள். அது பொய்யும் இல்லையே. இப்படி வந்தால் பெஞ்சில் உட்கார்ந்ததுமே மூச்சு சமமாகிவிடும்.

வகுப்பில் ஆண் என்று பார்த்தால் வாத்தியார் ஒருவர்தான். பெண்ணுக்குப் பெண்தான் ஜோடி. மால்சுன்னின் ஜோடி கறிக்கடைக்காரி. கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன, தடித்த, சூடான கை அவளுக்கு. முதல் நாள் அந்தக் கை தன் கையைப் பிடித்தபோது மால்சுன் அழுதுவிட்டாள். மூன்று வருடமாகத் தன் கையை யாரும் பிடித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது, சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

ஒரு நாள் தொலைக்காட்சிச் செய்தியில், வேறு ஊரில் இப்படி ஒரு வகுப்பில் போலீஸ் நுழைந்ததைக் காட்டினார்கள். பெண்கள் கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டு வரிசையாக வண்டியில் ஏறினார்கள். மால்சுன் ஊசியைப் பிடித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தாள். யோங்சொன்காரியோ பூண்டு உரித்துக்கொண்டே முகங்களை விட்டுவிட்டுக் கூடைகளைப் பார்த்தாள்.

"அந்த வெங்காயத்தாளைப் பாரு, எப்படித் தொங்கிப்போய்க் கிடக்கு. காலையில வாங்கினது" என்றாள்.

கறிக்கடைக்காரி வேறு தன் பங்குக்கு ஒரு கதை சொல்லி வைத்திருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியை, பாலைவனத்திலிருந்து வந்த புருஷன் ஒரே ஒரு துணி மூட்டையோடு வெளியே அனுப்பிவிட்டானாம். பிள்ளைகள் அவன் பக்கம். மால்சுன் மிரானை நினைத்துக்கொண்டாள். இனிமேல் போகக் கூடாது என்று முடிவு செய்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்ததும் போனாள்.

ஜூலையில் மாமனாரின் திதி வந்தது, அதுவும் வகுப்பு நாளில். படையலுக்கு நல்ல பன்னா மீன் வாங்கி வரச் சொல்லி யோங்சொன்காரி காலையிலேயே அனுப்பினாள். வகுப்பு முடிந்து திரும்பும்போது வாங்கலாம் என்பது மால்சுன்னின் கணக்கு. ஆனால் மீன்காரி தூரத்திலேயே அவளைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டாள். உன் மாமியார் நேற்றே சொல்லி வைத்தது, உனக்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று பெரிய மீனாக ஒன்றைப் பனிக்கட்டித் துண்டோடு காகிதத்தில் சுற்றிக் கூடையில் போட்டாள். அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றால், இப்போது எங்கே போகிறாய் என்று கேட்பாள். மால்சுன் காசைக் கொடுத்தாள். அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு படியேறினாள்.

தேகுவின் ஜூலை வெயிலைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மறந்தாள். அன்றைக்குச் சுழல் அடி கற்றுக்கொடுத்தார் வாத்தியார். இரண்டு ராத்திரி தூங்காத உடம்பு பஞ்சு போலானது. தோள் இறங்கியது. அவள் சந்தோஷமாக இருந்தாள், அதுதான் நடந்தது. கறிக்கடைக்காரி மூக்கை உறிஞ்சி, யார் கூடையில் மீன் என்று கேட்டபோதுதான் கால் நின்றது. சுவரோரத்தில் அவள் கூடையிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் ஓடியிருந்தது.

வீட்டு முற்றத்துக் குழாயடியில் யோங்சொன்காரி காகிதத்தைப் பிரித்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றை விரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

"சந்தை எவ்வளவு தூரம்?"

"பத்து நிமிஷம், அத்தே."

"இந்த மீன் பத்து நிமிஷத்துல வந்த மீன் இல்லை."

காகிதத்தைத் திரும்பச் சுருட்டி மீனை ஒதுக்கி வைத்தாள். அன்றைக்குப் படையலில் மீன் வைக்கும் இடம் காலியாக இருந்தது. திதிக்கு வந்திருந்த கொழுந்தன் குனிந்து பார்த்து மீன் எங்கே என்று கேட்டதற்கு, சந்தையில் நல்லது அகப்படவில்லை என்றாள் யோங்சொன்காரி. தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட மால்சுன்னுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. மகன் வந்ததும் சொல்வதற்காகக் கிழவி அந்த விஷயத்தை எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

மறுநாள் ஆணியில் மாட்டியிருந்த கூடை மாமியாரின் கையில் இருந்தது. இனிமேல் சந்தைக்கு நான் போய்க்கொள்கிறேன், நீ உன் கண்ணைத் தை என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், மால்சுன் வீட்டோடு அடைந்து கிடந்தாள். கூடை இல்லாமல் எந்தச் சாக்கில் வாசலைத் தாண்டுவது? செவ்வாய் போயிற்று, வெள்ளி போயிற்று. தோள் திரும்பவும் இறுகியது. தூக்கம் வராத ராத்திரிகளில், தொக்சு வாசலில் பெட்டியை இறக்குவதும், அம்மா அவனைத் தனியாகக் கூப்பிடுவதும், மிரான் எந்தப் பக்கம் நிற்பாள் என்பதும் கண்முன் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு கரடிக்கு இரண்டு கண்ணையும் ஒரே பக்கத்தில் தைத்து வைத்தாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் சந்தைக்குப் போன யோங்சொன்காரி வெகுநேரமாகியும் வரவில்லை. வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. வழியில் விழுந்துவிட்டாளோ என்று ஒரு பயம். இன்னொரு பயம் அதைவிடப் பெரியது: வகுப்பில் போய் நின்று கத்தித் தெருவையே கூட்டியிருப்பாளோ?

கடைசியில் கிழவி வந்தாள். தாங்கித் தாங்கி நடந்துவந்து கூடையை நீட்டினாள். மால்சுன் வாங்கினாள், கூடையிலிருந்து மீன் வாடை அடித்தது. காகிதத்தைப் பிரித்துச் செவுளைத் தூக்கினாள். சிவப்பு போய் மங்கியிருந்தது. வயிற்றை அழுத்தினாள், குழி நின்றது. அவள் மெல்லத் தலையைத் தூக்கி மாமியாரைப் பார்த்தாள்.

"முழங்காலுக்கு ஊசி குத்திக்கப் போனேன். மேல பாட்டுச் சத்தம் கேட்டுது. இன்னொரு மாடி ஏறிட்டேன்" என்றாள் யோங்சொன்காரி.

எவள் தலைமயிரையாவது பிடித்து இழுத்துவிட வேண்டும் என்றுதான் ஏறினாளாம். ஏறி முடித்தபோது மூச்சு முட்டியிருக்கிறது. வாத்தியார் ஓடிவந்து கூடையை வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, நெஞ்சு அடங்கட்டும், உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினாராம். உட்கார்ந்தாளாம். நெஞ்சு அடங்கியதாம். அதற்குப் பிறகு கத்துவதற்கு வரவில்லை என்று எரிச்சலோடு சொன்னாள்.

"ஆம்பிளைன்னு ஒருத்தன்தான் இருக்கான். அவனும் சோளத்தட்டை மாதிரி. அந்தக் கறிக்கடைக்காரி கையைப் பிடிக்கிறதுக்கா இத்தனை பொய் சொன்னே?"

"ஆமா, அத்தே."

மால்சுன்னுக்குக் கண்ணில் நீர் முட்டியது. யோங்சொன்காரி அவளைப் பார்க்கவில்லை. குழாயடிக் கல்லில் உட்கார்ந்து தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"படி இறங்குறப்போ அவ என் கையையும் பிடிச்சா. சூடாத்தான் இருக்கு" என்றாள். உள்ளங்கையை மூடிக்கொண்டு, "உன் மாமா போனதுலேருந்து யாரும் பிடிச்சதில்லை" என்றாள்.

பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள். இவள் இன்னார் மாமியார் என்று கறிக்கடைக்காரி சொல்ல, மருமகளை ஏன் காணோம் என்று வாத்தியார் கேட்டதற்கு, மாமியாருக்கு முழங்கால் வலி, செவ்வாய்க்கிழமை வருவாள் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

"தொக்சு வர்ற வரைக்கும்தான். அவன் வந்தப்புறம் நானும் வாயைத் திறக்க மாட்டேன், நீயும் அந்தப் படியை மிதிக்கக் கூடாது."

மால்சுன் தலையை ஆட்டினாள். அறுவடைப் பண்டிகைக்கு எத்தனை செவ்வாய்க்கிழமை இருக்கிறது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அதிகமில்லை. சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல் மீனை எடுத்து வாடை போக அரிசி கழுவிய தண்ணீரில் அலசினாள், உப்பைக் கொஞ்சம் கூடவே போட்டு வறுத்தாள். சாயங்காலம் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து முள்ளை எடுத்து எடுத்து அதைத் தின்றார்கள். மிரானுக்கு மட்டும் வைக்கவில்லை.