அவள் வீட்டு விலாசம்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளுக்குக் கிலுகிலுப்பை அக்கா என்று பெயர். தகரக் கொட்டகை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கைக்குழந்தைகளுக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, கழுத்து நிற்கிறதா என்று பார்ப்பாள். குறை தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் சிகிச்சைக்கு விண்ணப்பம் எழுதிவிடுவாள்.

அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் அவள் உயிரை வாங்கியது: நிரந்தர விலாசம். நாலு மாதத்துக்கு ஒரு கட்டடம் மாறுகிறவர்களுக்கு ஏது விலாசம்? படிவத்தை அச்சடித்த மகராசனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அவள் பேசாமல் தன் வீட்டு விலாசத்தையே எழுதிவந்தாள். முப்பத்தேழு குழந்தைகளுக்கு அவள் வீட்டுக்குத்தான் கடிதம் வரும். எத்தனை பிள்ளை பெற்றாய் என்று கணவர் கேலி செய்வார்.

கொத்தனார் மனைவியின் எட்டு மாதப் பையன் கிலுகிலுப்பைச் சத்தத்துக்குத் திரும்பவில்லை. சீக்கிரம் காதுக் கருவி பொருத்தினால் பேச்சு வந்துவிடும் என்று தைரியம் சொல்லி எழுதிப்போட்டாள். அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரே கேள்விதான்.

“லெட்டர் வந்துச்சாக்கா?”

வந்தது. மகள் பிரசவத்துக்காக அக்காவும் கணவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்த பதினெட்டு நாளில் வந்து, கதவுக்குப் பின்னால் தரையில் கிடந்தது. பிரித்தபோது வரச்சொன்ன தேதி போய் ஐந்து நாள். அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தாள். பெயரை அடித்தாயிற்று, குழந்தையைக் கொண்டுவந்து புதிதாகப் பதியுங்கள் என்றார்கள். அடித்துப்பிடித்து ஓடினாள். கொட்டகை காலி. எங்கே போனார்கள் என்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

ஏழு மாதம் நாயாய் அலைந்து, வேறொரு கட்டடத்தில் கண்டுபிடித்தாள். அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“இனிமே லெட்டர் வேண்டாங்க்கா. இவனுக்குக் காது கேக்க ஆரம்பிச்சிருச்சு. பாருங்க.”

பலகைத் தரையில் காலை ஓங்கித் தட்டினாள். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பையன் திரும்பிப் பார்த்தான்.

 தரை அதிர்ந்ததுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் மறுபடி கற்களை அடுக்கத் தொடங்கியதும், அக்கா பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினாள். இன்னும் பலமாக ஆட்டினாள். அவன் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருந்தான்.

“லெட்டர் வந்துச்சும்மா. என் வீட்டுக்குத்தான் வந்துச்சு. நான்தான் இல்ல.”

அந்தப் பெண் காலை இன்னும் ஓங்கித் தட்டினாள். பையன் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.