நல்ல பேர் எடுத்த நர்சம்மாவின் உப்பு ஆராய்ச்சி

அந்த நர்சம்மாவின் கைராசி வேறு யாருக்கும் கிடையாது. ஊசி போட்டால், பிள்ளை அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பஞ்சு வைத்துத் தேய்த்துவிட்டிருப்பாள். சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருந்த நீளத் தெருவில் பாதிப் பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான்.

அப்படிப்பட்டவள் நாற்பது வயதுக்கு மேல் படிக்கக் கிளம்பினாள். ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு அதே முகங்களே திரும்பத் திரும்ப வந்து நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்தக் கொதிப்பு எந்த அடுப்படியிலிருந்து கிளம்புகிறது என்று பார்த்தே தீருவேன் என ஒற்றைக் காலில் நின்றாள். படித்து, பட்டம் வாங்கி, ஆராய்ச்சிக்காரியும் ஆனாள். ஊசி போட்டாலாவது நாலு பேர் வாழ்த்துவார்களே என்று நொடித்தவள் புருஷனின் தங்கை ஒருத்திதான். அவள் வாய் இருக்கிறதே, இரும்பையே தேய்த்துவிடும். தெருவில் அவளுக்கு 'அரம்' என்றே பேர்.

ஆராய்ச்சி இதுதான். சோடியம் குறைந்த உப்பை வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்து, அதையே போட்டுச் சமைக்கச் சொல்லி, கொதிப்பு இறங்குகிறதா என்று அளப்பது. மாதா மாதம் போய்ப் பார்த்தாள். டப்பாவில் உப்பு ஒழுங்காக இறங்கியது. கொதிப்புதான் இறங்குவேனா என்றது. அவள் கொடுத்த உப்பைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று ஒவ்வொருத்தியும் சாதித்தாள். ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியரோ, உப்பில் விஷயமில்லை, அடுத்த ஆய்வுக் கூட்டத்தோடு மூடிவிடலாம் என்றார். மூடினால் இத்தனை வருஷம் படித்ததும் பட்டதும் அந்த டப்பாவோடு போச்சு.

உப்பில் கோளாறு இல்லையென்று அவளுக்கு நிச்சயம். அப்படியானால் தெருவே பொய் சொல்கிறது. தன்னிடம் நல்ல பேர் வாங்க நினைக்கிறவர்கள் உண்மையைச் சொல்ல வாய் திறக்க மாட்டார்கள் என்பது புரிந்ததும், நேரே அரத்திடம் போனாள்.

"நான் என்ன கேக்கணும் அண்ணி?"

"நான்தான் அனுப்பினேன்னு மறைக்காம சொல்லிடு. அப்புறம் என்னைப் பத்தி வழக்கமா பேசுறதப் பேசு, போதும்."

அதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்! முதல் வீட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தவளைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்காரிகளும் கூடிவிட்டார்கள். பொழுது சாய, முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள்.

"எல்லாரும் பழைய உப்பைத்தான் போடறாங்க. பிள்ளைப்பேறு பார்த்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு, நீங்க வர்ற அன்னைக்கு ரெண்டு கரண்டி சாக்கடையில கொட்டிடறாங்களாம். சாக்கடைக்குத்தான் அண்ணி கொதிப்பு குறைஞ்சிருக்கும்."

நர்சம்மாவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் இரண்டும் வந்தது.

கூட்டத்தில் ஒன்றுவிடாமல் சொன்னாள். விசாரித்தது யார், என்ன படிப்பு என்று பேராசிரியர் கேட்டார்.

"என் நாத்தனார் சார். எட்டாவது. ஆனா அவகிட்ட நல்ல பேர் வாங்கணும்னு தெருவுல யாருக்கும் ஆசை கிடையாது."

சிரித்து முடிய நேரமானது. இன்னொரு வருஷம் கொடுத்தார்கள். ஆனால் இனி விசாரிப்பது நாத்தனார்தான், நர்சம்மா அந்த வீட்டு வாசல்களை மிதிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

அதிலிருந்து வேலைக்கு அந்தத் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டுதான் போனாள். பெரிய படிப்பு வந்ததும் நர்சம்மாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெருவில் ஒரே பேச்சு. அரமும் முக்காலியில் உட்கார்ந்தபடி, "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒத்து ஊதிவிட்டு, இன்றைக்கு எந்த உப்பு போட்டாய் என்று கேட்டுக்கொண்டாள்.