மச்சானின் கதிரை

என் மச்சான் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு மனேஜராக வராமல் தடுத்தவன் நான். ஒரே ஒரு வசனத்தால் தடுத்தேன். அது பொய்.

இதை எழுதும்போது என் விறாந்தையில் ஒரு கதிரைதான் இருக்கிறது. மச்சான் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டு வழக்கமாக இருக்கும் நீல நிறப் பிளாஸ்ரிக் கதிரை இப்போது இங்கே இல்லை. அதன் பின்கால் ஒன்று வெடித்தபோது அவர் வலை நூலால் இறுக்கி வரிந்து கட்டினார். புதிது வாங்குவோம் என்றேன். "சுறா இழுத்தும் அறாத நூல் அத்தான், என்னைத் தாங்காதோ?" என்று சொல்லிக்கொண்டே அதில் ஏறி இருந்து காட்டினார்.

அவர் என் மனைவியின் தம்பி. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து அங்கேயே வலை இழுத்தவர். கலியாணம் செய்யவில்லை. நான் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இருவரும் கனடாவில். மனைவி இறந்த பிறகு மச்சான் பின்னேரம் தவறாமல் வருவார். தேத்தண்ணி நான் போடுவேன். இருட்டும் வரைக்கும் பந்துக் கதைதான். சில நாட்களில் அதுவும் இல்லை. பக்கத்துக் கதிரையில் ஒருவர் கால் மாற்றிப் போடும் சத்தம் கேட்டாலே எனக்குப் போதுமாக இருந்தது.

பழைய மனேஜர் மகளோடு வெளிநாடு போனதும், அடுத்தவர் யார் என்ற பேச்சு ஊரைப் பிடித்துக்கொண்டது. சந்தையிலும் ஐஸ் வாடியிலும் அதே கதை. எங்கள் கழகத்து மனேஜருக்கு ஆட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. விளையாடுகிறவர்கள் எல்லோரும் கடல் தொழிலாளிகள். போட்டி நாளில் அவர்களைக் கரையில் விட்டுவைக்கும்படி படகு முதலாளிகளான சம்மாட்டிமாரின் வாசலில் போய் நிற்க வேண்டும். பின்னேரம் முழுவதும் மைதானத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் வளவு வேப்ப மரத்தடியில் ஊர் கூடியது. இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று மச்சான். மற்றது டிப்ளோமா முடித்து எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்திருந்த விளையாட்டு ஆசிரியர்.

"இனி முறையாப் படிச்ச ஆள் வேணும். இல்லாட்டிப் போன வருசம் மாதிரித்தான் தோப்பம்" என்றார் ஐஸ்காரர்.

"போன வருசம் உன்ர தம்பி பெனால்டியைக் கடலுக்கு அடிச்சவன். அதுக்கு ஆர் மனேஜரா இருந்து என்ன?" இது கழகத்துக்குக் கோல் காத்த பழைய கோலி. அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. "வாத்தியார் கடற்கரையில கால் வைப்பாரோ? டிப்ளோமாவைக் கொண்டுபோய்க் காட்டினா, சம்மாட்டி அதில ரெண்டு சூடை மீனைச் சுத்திக் குடுத்து விடுவான்."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு மச்சானின் பக்கம்தான் இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பெயர் பேசப்படுகிறதோ அவர் கூட்டத்துக்கு வரக்கூடாது. அவருடைய வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து சம்மதம் சொல்ல வேண்டும். முன்பொரு மனேஜரின் மனைவி ஆட்டத்தின் நடுவிலே மைதானத்துக்குள் இறங்கி, அவரைக் கையில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு வந்த ஏற்பாடு இது. மச்சானுக்கு வீட்டுக்காரர் என்றிருந்தது நான் ஒருவன்தான்.

முதல் நாள் பின்னேரம் அந்த நீலக் கதிரையில் இருந்து அவர் சொல்லியிருந்தார்: "சனம் கேட்டா ஓம் எண்டு சொல்லுங்கோ அத்தான். கன நாள் ஆசை." நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் பின்னேரங்களில் அது இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் வந்து உள்ளே குந்திக்கொண்டது.

"சேர், உங்கட வீட்டுச் சம்மதம் எப்பிடி?" என்று பழைய கோலி கேட்டார்.

எழுந்து சொன்னேன். "ஆளுக்கு விருப்பமில்லை. என்னட்ட வடிவாச் சொல்லிப்போட்டார்."

அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. ஆசிரியரின் பெயர் முடிவானது. சீனவெடி கொளுத்திக்கொண்டு அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் புறப்பட்டார்கள். நானும் நடந்தேன். மச்சானின் வீடு அதே ஒழுங்கையில்தான். படலையை அகலத் திறந்துவிட்டு, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு அவர் நின்றார். பின்னால் மேசையில் சோடாப் போத்தல்களும் கழுவிக் கவிழ்த்த கிளாசுகளும் தெரிந்தன. வெடிச்சத்தம் அவரது படலையைத் தாண்டிப் போனது. வேண்டாம் என்று சொன்ன மனிதர் என நினைத்து, "அண்ணை, தப்பிட்டியள்!" என்று யாரோ கத்தினார்கள். அவரும் சிரித்தார். பிறகு படலையைச் சாத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தோடு போனேன்.

அடுத்த நாளும் அவர் வந்தார். "சனம் படிச்ச ஆளைத் தேடுது. அதுவும் சரிதானே அத்தான்" என்றார். ஏன் என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். சில கிழமைகளில் வருவது குறைந்து, பிறகு நின்றுபோனது. என் வீட்டுக்கு வருவதென்றால் மைதானத்தைக் கடந்து வர வேண்டும். பின்னேரங்களில் அங்கே பயிற்சி நடக்கும். அந்த வழியை அவர் விட்டுவிட்டார். எந்தப் பின்னேரங்களுக்காக அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அவை அந்தப் பொய்யாலேயே போயின. பழக்க தோசத்தில் சில நாட்கள் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி போட்டுவிட்டு ஒன்றை வாழையடியில் ஊற்றினேன்.

ஆசிரியருக்குச் செட்டிகுளத்துக்கு இடமாற்றம் வந்தது. மறுபடி வேப்பமரத்தடி. விவாதம் தொடங்கும் முன் நான் எழுந்தேன். போன முறை சொன்னது பொய் என்றேன். அவர் ஆசைப்பட்டார், நான்தான் மறைத்தேன் என்றேன்.

பழைய கோலி என்னை நிமிர்ந்து பார்க்காமல் பேசினார். "அப்ப நாங்கள் தப்பிட்டியள் எண்டு கத்தினது... அந்தாளுக்கு எப்பிடி இருந்திருக்கும், சேர்?"

மச்சானே மனேஜர் என்பதற்கு அன்றைக்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. "வெடி வேண்டாம். நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்றார் பழைய கோலி.

போனேன். மச்சான் முற்றத்தில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. பிடித்திருந்த வலைக்கண்ணை முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஏன் அத்தான்?"

"பின்னேரத்தில தனிய இருக்க ஏலாமல்."

அடுத்த கண்ணுக்கு ஊசியைக் கோத்தார். "கிரவுண்டுக்கு வந்திருக்கலாமே" என்றார்.

அந்த ஒரு வழி எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடம் படித்தேன், படிப்பித்தேன்.

அவர் பொறுப்பை ஏற்றார். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தார். உள்ளே வரவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். விறாந்தையில் இருந்த நீலக் கதிரையைத் தூக்கிக் கரியரில் கட்டிக்கொண்டு போனார். அது அவருடையதுதானே. கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

பின்னேரங்களில் அவருடைய விசில் சத்தம் என் வீடு வரை கேட்டது. ஒரு கிழமை கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாள் சேட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய், சனத்துக்குப் பின்னால் நின்றேன். கோட்டோரத்தில் அந்தக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அவர் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே கத்துகிற ஆள். யாரோ ஒருவன் அதில் இருக்கப் போனான். "எழும்படா, அது சேருக்கு" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

போய் இருந்தேன். நூல் வரிந்த கால் மணலில் கொஞ்சம் புதைந்தது. அன்றிலிருந்து பின்னேரங்களில் போகிறேன். பக்கத்திலேயே அவர் நிற்கிறார், முதுகைக் காட்டிக்கொண்டு. என்னோடு பேசுவதில்லை. சுற்றிவரச் சனம் ஆர்ப்பரிக்கும்போது விறாந்தையில் இருப்பதைவிடத் தனியாக இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் கதிரையைச் சைக்கிளில் கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். நான் மற்ற வழியால் வருவேன்.

நேற்று ஒரு பந்து கோட்டைத் தாண்டிக் கதிரையை உரசிக்கொண்டு போனது. அவர் ஒருமுறை திரும்பினார்.

"அத்தான், தள்ளி இருங்கோ. பந்து படும்."

கதிரையை ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.